ஊதினா சோறு கிடைக்குமா?

முட்டுக்காடு பாலத்து மேல நின்னு புல்லாங்குழல் வாசிச்சுப் பார்த்திருக்கீங்களா பாஸ்? சத்தம் ஒழுங்கா வராது. நீங்க நல்லா வாசிக்கிறவரா இருந்தாலும் வராது. ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி. நடுவுல அடிக்கிற காத்து இருக்கே... உங்க உதட்டுலேர்ந்து கிளம்புற மெல்லிசான மூச்சு குழலோட வாய்த்துளைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அதைத் தட்டிக்கிட்டுப் போயிடும். வீணைக்குத் தந்தி இருக்கு, மிருதங்கத்துக்குத் தோல் இருக்கு. குழலுக்கு இருக்கிறது ஒரு மூங்கில் துண்டும் கொஞ்சம் மூச்சும்தான்.

இதை எனக்குச் சொன்னது அந்த ஊர்க்காரத் தம்பி ஒருத்தர். நம்ம வாசகர். கேளம்பாக்கம் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ்ல ஃபைனல் இயர். அப்பா கடலுக்குப் போறவர். வீட்டுல முதல் டிகிரி இவரோடதுதான். எட்டு வருஷமா குழல் கத்துக்கிறார். கல்ச்சுரல்ஸ்ல இவர் மேடை ஏறினா விசில் பறக்குமாம். கேம்பஸ் இன்டர்வியூவுல வேலையும் கிடைச்சாச்சு. அப்புறம் என்ன பிரச்னைங்கறீங்களா? அவர் வார்த்தையிலேயே படிங்க:

“அண்ணா, வேலைக்குப் போனா குழல் போயிடும். குழலுக்குப் போனா சோறு போயிடும். என்ன வாசிச்சாலும் கடைசில நாலு பசங்களை உக்கார வெச்சு டியூஷன் எடுத்துத்தானே பொழைக்கணும்? அதுக்கு எதுக்கு இவ்ளோ கஷ்டப்படணும்?”

முதல் ரெண்டு வரியில இருக்கிற பயம் நியாயமானது. ஆனா அந்தக் கடைசி வரி இருக்கே... ‘கடைசில டியூஷன்’. அங்கேதான் எனக்குச் சுருக்குன்னுது. மேடையில முடியாதவன் வாத்தியார் ஆவான்னு ஒரு நினைப்பு நம்ம எல்லாருக்கும் எங்கேயோ ஒட்டிக்கிட்டிருக்கு. புல்லாங்குழல் விஷயத்துல அது சுத்தப் பொய். எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். கர்நாடக சங்கீதத்துல புல்லாங்குழல் தனிக் கச்சேரி பண்ற வாத்தியமா வந்து நூத்துச் சொச்சம் வருஷம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி? சிலப்பதிகாரத்துல மாதவி அரங்கேறும்போது குழல் வாசிக்கிறவருக்கு என்னென்ன தகுதி வேணும்னு ஒரு பெரிய லிஸ்ட்டே இருக்கு. ஆனா அங்கேயும் அவர் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் துணையா இருக்கிறவர்தான். குழலை நடு மேடைக்குக் கொண்டு வந்தவர்னு கும்பகோணம் சரப சாஸ்திரியைச் சொல்வாங்க. 1872-ல பிறந்து 1904-லேயே போயிட்டார். வெறும் 32 வயசு. சின்ன வயசுலேயே கண் பார்வை போனவர். அவர்கிட்ட கத்துக்கிட்டவர் பல்லடம் சஞ்சீவ ராவ். சரப சாஸ்திரி அந்தக் கொஞ்ச வருஷத்துல ஒருத்தருக்குச் சொல்லிக் கொடுக்காம இருந்திருந்தா, அந்த வாசிப்பு அவரோடயே போயிருக்கும். அவர் காலத்து வாசிப்பைப் பிடிச்சு வைக்க நம்ம மாதிரி மொபைலா இருந்துச்சு?

அப்புறம் வந்தார் ஒரு புயல். மாலி!

டி.ஆர். மகாலிங்கம். (நடிகர் டி.ஆர். மகாலிங்கம் வேற. குழப்பிக்காதீங்க.) 1926-ல திருவிடைமருதூர்ல பிறந்தவர். ஏழு வயசுல மயிலாப்பூர்ல முதல் கச்சேரி. அதுவரைக்கும் குழல்னா ஸ்வரம் ஸ்வரமா துள்ளித் துள்ளிக் கேட்கும். மாலி விரல் வைக்கிற முறையையும் ஊதுற முறையையும் மாத்தி, மனுஷன் தொண்டையில பாடுற மாதிரியே குழலைப் பாட வெச்சார். கமகம்னு சொல்றோமே, ஒரு ஸ்வரத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு வழுக்கிக்கிட்டு, அசைஞ்சுக்கிட்டுப் போறது... அது முழுசா குழலுக்குள்ள வந்தது அவராலதான். சந்தேகமே இல்லாம மேதை.

அதே மாலி கச்சேரிக்கு லேட்டா வருவார். சில நாள் வரவே மாட்டார். பாதியில குழலைக் கீழே வெச்சுட்டு எழுந்து போன கதைகள் ஏராளம். ரசிகர்கள் அதையும் ரசிச்சாங்க! ‘இன்னிக்கு வருவாரா, மாட்டாரா’ங்கறதே ஒரு த்ரில். 1986-ல காலமானார். சங்கீத கலாநிதி பட்டியல்ல அவர் பேர் கிடையாது.

நம்ம வயசுக்கு மாலி கதை ரொம்பப் பிடிக்கும். ஜீனியஸ், யாருக்கும் கட்டுப்படாதவர், தனக்குத் தோணினாத்தான் வாசிப்பார்... போஸ்டர் அடிச்சு ஹாஸ்டல் ரூம்ல ஒட்டலாம். எனக்கும் பிடிக்கும். ஆனா எல்லாருமே மாலி மாதிரி இருந்திருந்தா இன்னிக்குக் குழல் வாசிக்க ஆள் இருந்திருக்குமான்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ நம்ம ஹீரோவுக்கு வருவோம். மாலியோட சிஷ்யர் என். ரமணி.

1934 அக்டோபர் 15, திருவாரூர். தாத்தா ஆழியூர் நாராயணசாமி ஐயர் குழல் வித்வான். அஞ்சு வயசுல அவர்கிட்ட பாடம் ஆரம்பம். எட்டு வயசுல சிக்கில் சிங்காரவேலர் கோயில்ல முதல் கச்சேரி. 1945-ல ஆல் இண்டியா ரேடியோ. அப்புறம் மாலிகிட்ட சேர்ந்து, அந்தப் புது வாசிப்பைக் கத்துக்கிட்டார். 1956-ல மியூசிக் அகாடமி மேடை. அதாவது ஆரம்பிச்சு ஏறக்குறைய பதினேழு வருஷம் கழிச்சு! எட்டு வருஷத்துலேயே ‘சோறு போடுமா’ன்னு கேட்கிறோம் நாம.

1960-களில் லால்குடி ஜெயராமன் வயலின், வெங்கட்ராமன் வீணை, ரமணி குழல்னு மூணு பேரும் சேர்ந்து கொடுத்த கச்சேரிகள் பெரிய ஹிட். ஹரிபிரசாத் சௌராசியாவோட ஜுகல்பந்தி பண்ணினார். வடக்கே வாசிக்கிற நீளக் குழல் மேல ஆசைப்பட்டு, அதைக் கர்நாடக இசைக்கும் கொண்டு வந்தார். இது ஏன் பெரிய விஷயம்னா... நம்ம பக்கத்துக் குழல் பெரும்பாலும் குட்டி, சுருதி உசத்தி. சுருதியைக் கட்டைக் கணக்குல சொல்வாங்க, தெரியும்தானே? ஆம்பிளைப் பாடகர்கள் ஒரு கட்டை பக்கத்துல பாடுவாங்க. சாதாரணக் கச்சேரிக் குழல் நாலரை, அஞ்சு கட்டை. குழல் நீளமாக ஆக சுருதி இறங்கும். துளைகளுக்கு நடுவுல தூரமும் கூடும், விரலை விரிச்சு வெச்சே கமகம் பண்ணணும். அஞ்சு கட்டைக் குழல்ல பழகின கைக்கு அது தண்டனை. ஆனா அந்தக் கனமான, அடி வயித்துலேர்ந்து வர்ற நாதம் இருக்கே... ராத்திரி பதினொரு மணிக்கு லைட்டை அணைச்சுட்டுக் கேளுங்க. (மைக் இல்லாத காலத்துல இந்தக் குழலை வாசிச்சிருந்தா நாலாவது வரிசைக்குக் கேட்டிருக்குமான்னு எனக்கு ஒரு டவுட். மைக் குழலுக்குக் கிடைச்ச லாட்டரி.)

கேட்டா, இதெல்லாம் மேடை வாழ்க்கை, டியூஷன் எங்கேம்பீங்க. இருங்க.

1983-ல ரமணி ஒரு புல்லாங்குழல் அகாடமி ஆரம்பிச்சார். அந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனிங்க. அவருக்கு அப்போ நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது வயசு. அடுத்த வருஷம் 1984-ல சங்கீத நாடக அகாடமி விருது. 1987-ல பத்மஸ்ரீ. 1996-ல சங்கீத கலாநிதி. அதாவது, மேடை வாய்ப்பு குறைஞ்சு, ‘சரி, நாலு பேருக்குச் சொல்லிக் கொடுப்போம்’னு ஆரம்பிச்ச ஸ்கூல் இல்லை அது. உச்சத்துல இருக்கும்போது ஆரம்பிச்சது. வாசிக்கிறதும் சொல்லிக் கொடுக்கிறதும் அவருக்கு ஒரே வேலையோட ரெண்டு ஷிஃப்ட். 2015 அக்டோபர் 9-ல அவர் போனார், எண்பத்தொண்ணாவது பிறந்த நாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது. மகன் தியாகராஜனும் பேரன் அதுல் குமாரும் குழல் கலைஞர்கள். வீட்டுக்கு வெளியே இருக்கிற சிஷ்யர்களை எண்ணினா இந்தப் பக்கம் பத்தாது. மாலி உண்டாக்கின அந்த வாசிப்பை ஊர் ஊரா கொண்டு போனவங்கள்ல ரமணி முக்கியமானவர். டி.எஸ். சங்கரன் மாதிரி மாலியோட மத்த சிஷ்யர்களுக்கும் அதுல பங்கு உண்டு. புயல் அடிச்சுட்டுப் போச்சு. அந்தத் தண்ணியை ஏரியில தேக்கி வயலுக்குப் பாய்ச்சினது சிஷ்யர்கள்.

சரி, குழல் சொல்லிக் கொடுக்கிறது என்ன அவ்வளவு பெரிய வேலையா? ஆமா பாஸ். வீணையில வாத்தியார் எந்த மெட்டுல விரல் வைக்கிறார்னு பார்த்துக்கலாம். கீ-போர்டுல கட்டையைக் காட்டலாம். குழல்ல விரல் பாதிக் கதைதான். மீதிக் கதை உதட்டுலயும் வாய்க்குள்ளயும் வயித்துலயும் நடக்குது. அது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொருத்தர் உதடும் வேற வேற. எனக்குச் சரியா இருக்கிற கோணம் உங்களுக்குச் சரிப்படாது. வாத்தியார் காதால கேட்டே, ‘மூச்சு மேல அடிக்குது, கொஞ்சம் உள்ளே திருப்பு’ன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும். ஒரு துளையைப் பாதி மூடணும்னு சொல்றது ஈஸி. எவ்வளவு பாதி? தோடியில ஒரு அளவு, கல்யாணியில ஒரு அளவு. இதை ஒரு பன்னெண்டு வயசுப் பொண்ணுக்குப் புரிய வைக்கணும்னா, தான் கண்ணை மூடிக்கிட்டு வாசிக்கிற கமகத்தைப் பத்துல ஒரு பங்கு வேகத்துக்கு இறக்கி, பிரிச்சுப் போட்டு, திரும்பக் கோக்கணும். இப்படி வருஷக்கணக்கா பிரிச்சுக் கோத்தவன் மேடையில தடுமாற மாட்டான்.

இதுக்கு இன்னும் பளிச்சுன்னு ஒரு உதாரணம் இருக்கு. டி. விஸ்வநாதன். வீணை தனம்மாளோட பேரன், பாலசரஸ்வதியோட தம்பி. 1927-ல பிறந்தவர். குரு திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை, நாதஸ்வரக் குடும்பத்துலேர்ந்து குழலுக்கு வந்தவர். விஸ்வநாதன் முழு நேர வாத்தியார். 1960-களில் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைத் தலைவர். அப்புறம் அமெரிக்கா. வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம் வாங்கி, 1975-லேர்ந்து 2002-ல காலமாகிற வரைக்கும் அங்கேயே ஆசிரியர். கர்நாடக சங்கீதம்னா என்னன்னே தெரியாத அமெரிக்கப் பசங்களுக்கு சரளி வரிசையிலேர்ந்து ஆரம்பிச்சவர். மேடையில பாதி பாடுவார், பாதி வாசிப்பார். ஒரு வரியைப் பாடிட்டு, அதையே குழல்ல காட்டுவார். ‘வகுப்பெடுத்து வகுப்பெடுத்து வாசிப்பு போயிடும்’னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க: 1988-ல மியூசிக் அகாடமி அவரைக் கூப்பிட்டு சங்கீத கலாநிதி கொடுத்தது. ரமணிக்கு எட்டு வருஷம் முன்னாடி! 1992-ல அமெரிக்காவோட தேசிய பாரம்பரிய கலைஞர் கௌரவமும் கிடைச்சது. கடைசில டியூஷனா?

இந்த வரிசையில ஒண்ணு கவனிச்சிருப்பீங்க. தாத்தா, பாட்டி, குடும்பம், பரம்பரைன்னு வந்துக்கிட்டே இருக்கு. 2002-ல சங்கீத கலாநிதி வாங்கின சிக்கில் சகோதரிகள் குஞ்சுமணி, நீலா... அவங்களும் அதே ஆழியூர் வழிதான். (ஆம்பிளைங்க ராஜ்ஜியமா இருந்த வாத்தியத்துல ரெண்டு பொண்ணுங்க நடு மேடையைப் பிடிச்சது தனிக் கதை. இன்னொரு வாரம் எழுதறேன்.) வீட்டுக்குள்ளேயே வாத்தியார் இருந்தா அஞ்சு வயசுல ஆரம்பிக்கலாம், எட்டு வயசுல கோயில்ல வாசிக்கலாம். அப்பா கடலுக்குப் போற வீட்டுல? மயிலாப்பூருக்கு பஸ் ஏறிப் போய் யார் கதவைத் தட்டறது? தட்டினா எல்லாக் கதவும் ஒரே மாதிரி திறக்குமா? நம்ம தம்பி இதைக் கேட்கலை. ஆனா அவர் கேள்விக்குள்ள இது இருக்கு. திறமை எல்லா ஊர்லயும் பிறக்குது. வாத்தியார்தான் எல்லா ஊர்லயும் இல்லை. முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா இருக்கு, 1996-லேர்ந்து. தென்னிந்தியாவோட பழைய வீடுகளைக் கழட்டிக் கொண்டு வந்து நிறுத்தியிருக்காங்க, கலை நிகழ்ச்சிகளும் நடக்குது. கூட்டமும் வருது. ஆனா அந்த ஊர்க் குப்பத்துப் பையன் சாயந்திரம் சைக்கிள்ல போய்க் குழல் கத்துக்க ஒரு வாத்தியார் வீடு? அதுதான் வேணும்.

அரசாங்கம் நடத்துற மாவட்ட இசைப்பள்ளிகள் இருக்கு. காஞ்சிபுரத்துல ஒண்ணு உண்டு. மூணு வருஷப் படிப்பு. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம்னு பிரிவுகள். குழல் அந்த லிஸ்ட்ல இல்லை. ஆனாலும் குழல் ஆசை இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது, அங்கே குரலிசையில சேருங்க. மாலி பண்ணின மாயமே குழலைப் பாட வெச்சதுதானே? விஸ்வநாதன் பாடிக் காட்டித்தானே வாசிச்சார்? பாட்டு தெரியாம குழல் வாசிக்கிறது, பாஷை தெரியாம டைப்பிங் அடிக்கிற மாதிரி.

இப்போ துட்டு மேட்டர். ஒளிவுமறைவு வேண்டாம். தனிக் கச்சேரியை மட்டும் நம்பி ஆரம்ப வருஷங்கள்ல குடும்பம் நடத்த முடியாது. டிசம்பர் சீசன்ல புதுசா வர்றவங்களுக்குக் கிடைக்கிறது மத்தியான ஸ்லாட். ஹால்ல இருபது பேர் இருப்பாங்க, அதுல அஞ்சு பேர் கேன்டீன் திறக்கக் காத்திருப்பாங்க. சாயந்திர ஸ்லாட் பெரும்பாலும் வாய்ப்பாட்டுக்காரங்களுக்கு. குழல்காரங்க நிறைய பேருக்கு நிஜமான வருமானம் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு வாசிக்கிறதுல. மாதவி காலத்து வேலை இன்னும் போகலை பாருங்க! அப்புறம் ரெக்கார்டிங், கல்யாண ரிசப்ஷன். அதுக்கெல்லாம் மேல, வகுப்பு. விடியக்காலையில எழுந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அமெரிக்காவுல இருக்கிற குழந்தைக்கு சரளி வரிசை சொல்லிக் கொடுக்கிறவங்க சென்னையில எத்தனையோ பேர். மாசா மாசம் நின்னு வர்ற வருமானம் அதுதான். அது இருக்கிறதாலதான் அவங்களால அந்த மத்தியான ஸ்லாட்டுல இருபது பேருக்கும் முழு மனசோட வாசிக்க முடியுது.

அதனால தம்பி, வேலை கிடைச்சிருக்கா? சேருங்க. வீட்டுக்கு முதல் சம்பளம் போகட்டும். அப்பாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும். கூடவே ரெண்டு வேலை பண்ணுங்க. ஒண்ணு, ஆல் இண்டியா ரேடியோ ஆடிஷனுக்கு அப்ளிகேஷன் போடுங்க. பி, பி-ஹை, ஏ, டாப்னு கிரேடு வெச்சிருக்காங்க. பி கிடைச்சாலே, உங்க பேர் தெரியாத சபா செக்ரட்டரிகிட்ட காட்ட ஒரு அடையாளம். ரெண்டாவது, ஞாயித்துக்கிழமை காலையில உங்க குப்பத்துலேர்ந்து நாலு பசங்களைக் கூப்பிட்டு உக்கார வைங்க. ஃபீஸ் அப்புறம் பார்த்துக்கலாம். ‘கடைசில’ பண்ற வேலையா நினைக்காம இப்பவே ஆரம்பிங்க. மூணு மாசம் கழிச்சு உங்க வாசிப்பு எங்கே நிக்குதுன்னு நீங்களே சொல்லுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வேலையா, குழலான்னு முடிவு பண்ணினாலும் அப்போ உங்க கையில ஒரு பேங்க் பாஸ்புக்கும் நாலு சிஷ்யர்களும் இருப்பாங்க. இன்னிக்கு ரெண்டும் இல்லை.

அந்தப் பசங்களுக்குக் குழல் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மாமல்லபுரம் பீச்சுல கலர் நூல் சுத்தி விக்கிறாங்களே, அதுல சுருதியை எதிர்பார்க்காதீங்க. கர்நாடகக் குழலுக்கு வாய்த்துளை போக எட்டுத் துளை. முதல் ரெண்டை மூடினா ச. வடக்கத்தி பான்சுரிக்குப் பெரும்பாலும் ஆறு துளை, அங்கே மூணை மூடினா ச. இதைக் கையில வெச்சுக்கிட்டு அதோட யூடியூப் வீடியோவைப் பார்த்தா, ‘எனக்குக் குழல் வராதுப்பா’ன்னு ஒரே வாரத்துல பையன் ஓடிடுவான். அஞ்சு கட்டைக் குழலா வாங்குங்க, சின்னக் கைக்கு எட்டும். முதல் பத்து நாள் வெறும் காத்துதான் வரும், தலை சுத்தும். மூச்சு பழகற வரைக்கும் அப்படித்தான்னு முன்னாடியே சொல்லி வைங்க. ஜன்னலைச் சாத்திட்டு வகுப்பை ஆரம்பிங்க.

மத்தவங்களுக்கு இந்த வார ஹோம்வொர்க்: மாலி வாசிச்சது ஒண்ணு, ரமணி நீளக் குழல்ல வாசிச்சது ஒண்ணு. ரெண்டுமே இன்டர்நெட்ல கிடைக்கும். ஒரே ராகமா கிடைச்சா இன்னும் பெஸ்ட். ஹெட்போன் மாட்டிக்கிட்டுக் கேட்டுட்டு, குருவும் சிஷ்யரும் எங்கே ஒட்டுறாங்க, எங்கே பிரியறாங்கன்னு எழுதி அனுப்புங்க.